மாலை வேளை மாத்திரை

நடந்தவை இவை.

1. குழந்தையில்லாத இரண்டு பெண்கள், ஒரே வீட்டு மருமகள்கள், ஒரே நாளில் எங்கள் ஆய்வுக்கு வந்தார்கள்.
2. மூத்தவரைச் சேர்த்துக்கொண்டோம். இளையவரைத் திருப்பி அனுப்பினோம்.
3. மூத்தவருக்கு மாதம் ஒரு புட்டி மாத்திரை கொடுத்தேன். மாத முடிவில் மீதியை எண்ணினேன். எண்ணிக்கை ஒரு முறையும் பிசகவில்லை.
4. ஐந்தாவது மாதம் இளையவர் கர்ப்பமானார்.
5. மூத்தவர் வந்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.
6. எழுதினேன்.

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கருத்தரிப்புப் பிரிவை ஒட்டி என் மேஜை இருக்கிறது. மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்பது பதவியின் பெயர். முடிவெடுப்பவர் மருத்துவர், படிவம் நிரப்புவதும், ரத்த மாதிரிக் குப்பிகளில் எண் ஒட்டுவதும், மாத்திரை எண்ணுவதும் நான். இந்த ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

ஆறு மாதத்தில் கரு நிற்காதவர்களுக்கு இரண்டாம் கட்டம் உண்டு. சோதனைக் குழாய் சிகிச்சை, ஒரே ஒரு முறை, ஆய்வின் பொறுப்பில். ஆறு மாதமும் மாத்திரையை ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூத்தவர் அந்த ஒரு முறைக்காகத்தான் வந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. வயது முப்பத்து நான்கு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை.

இருவரும் காத்திவாக்கத்தில் ரயிலேறி வந்திருந்தார்கள். கணவன்மார்கள் அண்ணன் தம்பி. ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். முதல் நாள் கேள்வித்தாளில் புகைப்பழக்கம் உண்டா என்றொரு வரி வரும். எல்லோரும் இல்லை என்று தலையசைப்பார்கள். மூத்தவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"நான் புடிக்கல மேடம். எங்க வூட்டாண்ட பவர் அவுஸ் குழா கீது. அது தான் நாள் முச்சூடும் புடிச்சிகினு கீது."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். புகைபோக்கிக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரு வாரம் கழித்து ரத்த முடிவுகள் வந்தன. இளையவருக்குத் தைராய்டு சரியில்லை. அப்படிப்பட்டவர்களைச் சேர்க்க விதி இல்லை. மருத்துவர் அதற்குத் தனியாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். சேர்க்க முடியாது என்று சொல்வதை என்னிடம் விட்டார். சொன்னேன். மூத்தவர்தான் கேட்டார், ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்று. விதியை விளக்கினேன். இன்னொரு முறை விளக்கினேன். பிறகு ஒப்புதல் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். மாத்திரையை வேறு யாருக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும், தரக்கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. அவர் கவனமாகக் கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சாப்பிட்டதும் அட்டையில் குறி போட வேண்டும். ஒவ்வொரு புட்டியிலும் நான்கு மாத்திரை கூடுதலாக வைத்திருப்போம். மாத முடிவில் அந்த நான்கு திரும்பி வந்தால் எல்லாம் சரி. மற்றவர்கள் ஏழு கொண்டுவருவார்கள், பதினொன்று கொண்டுவருவார்கள், புட்டியையே தொலைத்துவிட்டு வருவார்கள். மூத்தவர் ஒவ்வொரு மாதமும் நான்கு கொண்டுவந்தார். தட்டில் கொட்டி எண்ணும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய அட்டையை வேறு பெண்களுக்கு எடுத்துக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த அட்டை இப்போதும் கோப்பில் இருக்கிறது. காலைக் கட்டத்துக் குறிகள் நிமிர்ந்து நிற்கின்றன. மாலைக் கட்டத்துக் குறிகள் எல்லாமே இடது பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஐந்து மாதமும் நான் அதைப் பார்த்தேன். மாலையில் சமையல் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாத முடிவில் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்தார். வெளியே பெஞ்சில் எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். இளையவருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, வீட்டிலேயே சோதித்ததில் இரண்டு கோடு வந்திருக்கிறது என்றார். நல்ல செய்திதானே அக்கா என்றேன். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மாலை மாத்திரை முழுவதும் இளையவருக்குத்தான் போயிருக்கிறது என்றார். முதல் நாளிலிருந்தே. சாப்பிட்டுவிட்டு அட்டையில் குறி போட்டதும் இளையவர்தான். இரண்டு கோடு தெரிவதற்கு முந்தின நாள் வரை சாப்பிட்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"ஒடம்பு சொகமில்லாம வூட்ல படுத்துகினு கீறவனுக்கும் எங்காண்ட பங்கு போவும் மேடம். கடலுக்கு வர்லன்னு அவன் பங்க எட்த்துக்க மாட்டோம். நீங்க சின்னவள வாணான்னு அனுப்பிட்டீங்க. அதுக்கு நான் எப்டி தனியா துன்றது?"

அவர் வந்தது அதைச் சொல்ல அல்ல. கர்ப்பம் தெரிந்தால் உடனே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒப்புதல் படிவத்தில் நான் வாசித்த வரி அவருக்கு நினைவிருந்தது. அந்த வரிதான் அவரை இரண்டு நாள் முன்பே ரயிலேற்றியது.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல? டாக்டராண்ட வாயால கேட்டு சொல்லுங்க. நோட்ல எய்திடாதீங்க, மேடம். இன்னும் ஒரு மாசம் தான் கீது எனக்கு."

வாயால் கேட்க முடியாது. அந்தப் புட்டியில் இருந்தது மருந்தா வெறும் மாத்திரையா என்று தெரிந்தால்தான் மருத்துவர் பதில் சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொள்ள எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். அவருடைய கேள்விக்குப் பதில் வாங்க ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் அவருக்கு இரண்டாம் கட்டம் கிடைக்காது. இதை அவரிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருந்தால் அடுத்த மாதமும் நான் நான்கு மாத்திரையை எண்ணியிருப்பேன், அவருக்கு எல்லாம் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "எய்துங்க" என்றார்.

விதிமீறல் படிவம் இரண்டு பக்கம். ஒரு மணி நேரத்தில் முடித்தேன். மருத்துவர் அன்றே, அந்தப் புட்டியில் இருப்பது எது என்று சொல்லும் குறியீட்டை உறையில் கேட்டு வாங்கி, தனியாகப் படித்து, உறையை மூடி ஒட்டினார். நான் தொடர்ந்து இந்த ஆய்வில் வேலை செய்வதால் எனக்குத் தெரியக் கூடாது. பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள் என்றார். வெறும் மாத்திரை என்பதால் பயமில்லையா, மருந்துதான் ஆனால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது என்பதால் பயமில்லையா, அது அவருடைய முகத்தில் இல்லை. நான் தேடவும் இல்லை.

அடுத்த வாரம் மூத்தவரை வரச் சொல்லி, ஆய்விலிருந்து விலக்கப்பட்டதைத் தெரிவித்தேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல் இருந்தார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

சொன்னார் என்றேன். அதுவரை மேடம், வாங்க போங்க என்றே பேசியவர் அவர். பையிலிருந்து புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். விலகுகிறவரிடமும் மீதியை எண்ணி வாங்க வேண்டும் என்பது விதி. தயங்கினேன். "எண்ணு" என்றார். ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினேன். காலைக் கணக்கு சரியாக இருந்தது. மாலை மாத்திரைகள் மட்டும், இரண்டு கோடு தெரிந்த நாளிலிருந்து அப்படியே மிஞ்சியிருந்தன.

இளையவருக்குக் கரு நின்றதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, மாலை மாத்திரை. இரண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரை. மூன்று, இரண்டும் இல்லை. எதையும் அடிக்க முடியவில்லை. தாளைக் கோப்பில் சேர்க்கவில்லை.

இன்றைய நிலை இது. இளையவருக்கு ஏழாம் மாதம். ஸ்கேனில் குழந்தை நன்றாக வளர்கிறது. மூத்தவருக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. ஆய்வு நடக்கிறது, உறை அலமாரியில் இருக்கிறது. குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகும்வரை மாதம் ஒரு முறை தொலைபேசியில் நலம் விசாரித்துப் பதிய வேண்டும். இளையவரிடம் போன் இல்லை. கோப்பில் இருப்பது மூத்தவரின் எண். ஒவ்வொரு மாதமும் அவர்தான் எடுக்கிறார். நான் கேட்கும் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறார்.

அடுத்த அழைப்பு வியாழக்கிழமை.