சிவப்புக் கொடிக்கு முன்னால் ஒரு கல்யாணக் கார்

எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேட்டுப்பாளையம் ரோட்டில் பாலம் கட்டிய காலத்தில், துடியலூர் தாண்டி, சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் பிடித்து நின்றவள் நான். அந்த மரியாதையை வெயிலில் நின்று முழுசாக அனுபவித்திருக்கிறேன்.

ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். அந்தக் கோடியில் இன்னொரு பெண் நிற்பாள். அவள் வண்டிகளை விட்டால் நான் சிவப்பைக் காட்ட வேண்டும். இது புரியப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஆனால் கார் வைத்திருப்பவனுக்கு மட்டும் புரியவே புரியாது. கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க அம்மணி, ஒரு நிமிசந்தானுங்க" என்பான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போயிருப்பான். திட்டிவிட்டுப் போகிறவனையாவது திருப்பித் திட்டலாம். 'ங்க' போட்டுக்கொண்டே காலை மிதிக்கிறவனை என்ன செய்வது?

ஒரு முகூர்த்த நாள் காலை. அந்தக் கோடிக்குப் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா, அருமைக்காரரை அழைத்துக்கொண்டு முன் காரில் வந்தார். அருமைக்காரர் நின்று சீர் செய்யாமல் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. பின்னால் மாமன், மச்சான், பங்காளி என்று வரிசையாகக் கார்கள். நான் சிவப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் அதே ஒரு நிமிசத்தைச் சொல்லிவிட்டு, கும்பிடும் போட்டுவிட்டு, மொத்தக் கூட்டத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

நடுவழியில் எதிரே பஸ். அதற்குப் பின்னால் லாரிகள். இவர்கள்தான் பின்னால் வர வேண்டும். யார் வருவது? பங்காளி நகராமல் மாமன் நகர மாட்டாராம். மச்சானுக்கு ரிவர்ஸே வராதாம். தூ, இதற்கு இவ்வளவு பெரிய கார் ஒரு கேடா!

கடைசியில் பெண்ணின் அப்பா வேர்த்து விறுவிறுத்து என்னிடம் நடந்து வந்தார். முகூர்த்தம் முடியப் போகிறது, பெண் மணவறையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று போன் வந்திருக்கிறது. அப்போதும் மனிதர் கேட்டது என்ன தெரியுமா?

"நம்ம வண்டிகளை மட்டும் முதல்ல உடுங்க அம்மணி."

"அடைச்சுட்டு நிக்கறதே உங்க வண்டிதானுங்க. அருமைக்காரரைக் கூட்டிட்டு நடங்க. இல்லீன்னா உங்க புள்ளைக்கு இன்னைக்குத் தாலி இல்லீங்க."

நடந்தார்கள். முந்தின நாள் மழையில் ஓரமெல்லாம் சேறு. பட்டு வேட்டி முழங்கால்வரை செம்மண்ணாக, அவர் அருமைக்காரரின் பின்னால் தடுமாறிப் போவதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. கவலையெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். பானட்டைத் தட்டித் தட்டி ஒவ்வொரு காராகப் பின்னால் எடுக்க வைத்தேன். பாதி வேலையில், என் வாக்கிடாக்கியில் அந்தக் கோடிக்காரியின் குரலுக்குப் பின்னால் கெட்டிமேளம் கேட்டது. மூச்சு வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் கோடி மாறி நிற்பது வழக்கம். நான் மண்டபத்துப் பக்கம் நின்றேன். பூ ஒட்டிய கார் வந்தது. சிவப்பைக் காட்டினேன். முன் சீட்டில் அவரேதான், புது வேட்டியில். கண்ணாடி இறங்கியது.

"ஏனுங்க அம்மணி, பொண்ணு மாப்பிள்ளை வண்டிங்க. ஒரு நிமிசந்தானுங்க."

பின் சீட்டிலிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, அந்தக்கா பச்சை காட்டற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

கண்ணாடி ஏறிக்கொண்டது. எதிர்ப்பக்கத்துக் கடைசி லாரியும் என்னைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகும் அவருக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் சீட்டில் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.