சிப்பிக் கூரை

எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் எதுவும் காயாது. துணி காயாது, போட்ட வடகம் காயாது. அப்புறம் பசை மட்டும் எப்படிக் காயும்? ஐஸ்கிரீம் குச்சிகளை வரிசையாக ஒட்டி ஒரு சுவர் எழுப்பி வைத்தால், மறுநாள் காலையில் அது குடித்துவிட்டு வந்தவன் மாதிரி சாய்ந்து கிடக்கும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். எனக்குத் தெரிந்து டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டையிலேயே மழைக்காலத்தில் ஈரமில்லாத இடம் எங்கள் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் ஒன்றுதான். அதன் தலைமேல் வைத்துத்தான் அந்த வீட்டை நான் கட்டி முடித்தேன்.

வீடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்குகிற வீடு. எனக்கு இது ஒரு பைத்தியம். பிஸ்தா ஓட்டில் ஆமை செய்வேன். கொட்டாங்கச்சிக்குள் ஒரு டீக்கடை, கடைக்குள் பெஞ்சு, பெஞ்சின் மேல் யாரோ படித்துவிட்டுப் போன நகக்கண் அளவு செய்தித்தாள். ஒருமுறை தீப்பெட்டிகளை அடுக்கி எறும்புகளுக்கு ஒரு மாடிவீடு கட்டிச் சுவரோரமாக வைத்தேன். எறும்பு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கரையான் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தீவுக்கு வடக்கே, ரங்கத்தில் வேலை. எப்போதாவது லீவு கிடைத்தால் பஸ் பிடித்து, பாராடாங்கில் ஃபெர்ரிக்குக் காத்துக் கிடந்து, இடுப்பு ஒடிய வீட்டுக்கு வருவார். வந்ததும் என் மேஜையைப் பார்த்து, "என்னம்மா, உங்க ஊர்ல கரண்ட் வந்துருச்சா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மனுஷங்களுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியல, எறும்புக்காவது செய்றேன், விடுங்க" என்பேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அது அப்படியே பலித்துவிடும் என்று யார் கண்டது!

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குச் சென்னையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடம். அதற்காக அவள் கண்விழித்துப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். விட்டால் திரும்ப வராது. தெருவே சேர்ந்து வழியனுப்பியது. அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள். மெயின்லேண்ட் போகிறோம் என்று அவளுக்கு அத்தனை குதூகலம்.

போன ஒரு வாரத்தில் அழுகை ஆரம்பித்தது. போனை எடுத்தால் பேச்சே வராது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வரும்.

"ம்மா, வந்து கூட்டிட்டுப் போம்மா."

"சாப்ட்டியாடி?"

"ம்."

அந்த "ம்" பொய் என்று எனக்குத் தெரியாதா? பிறகு ஹாஸ்டல் வார்டனே கூப்பிட்டு, தட்டில் போட்ட சோறு அப்படியே திரும்பி வருகிறது, பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டாள் என்று சொன்னார். நான் உடனே, "அடுத்த கப்பல்லயே கிளம்பி வர்றேன் மேடம்" என்றேன்.

"வராதீங்கம்மா. நீங்க வந்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவீங்க. தீவுலருந்து வர்ற பிள்ளைங்க எல்லாம் ஆரம்பத்துல இப்படித்தான். கொஞ்சம் பொறுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தம்மாவை நன்றாகக் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் போனால் கூட்டிக்கொண்டுதான் வருவேன். எனக்கு என்னைத் தெரியும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீ போகாத, அவ படிப்பு போயிரும்" என்கிறார். அவர் குரலும் ஒன்றும் சரியாக இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுவில் இத்தனை பெரிய கடல். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான். அதைப் போய் சனியனே என்று திட்டியது அந்த மாதம்தான்.

சோறு ஆக்கி அனுப்ப முடியாது. தலையை வாரிவிட முடியாது. என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று, ஒட்டுவதும் வெட்டுவதும். சரி, நீதான் வீட்டுக்கு வரக்கூடாது, வீடு உன்னிடம் வரட்டும் என்று மேஜையில் உட்கார்ந்தேன். அசட்டுத்தனம்தான். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எங்கள் வீடு பலகை வீடு. பச்சை பெயின்ட். ஐஸ்கிரீம் குச்சிகளை நறுக்கிப் பலகைச் சுவர் வைத்து, அதே பச்சையை அடித்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் தினமும் வராது. வாசலில் நீல டிரம்கள் வரிசை கட்டி நிற்கும். பேனா மூடிகளை அறுத்து டிரம் செய்து நிறுத்தினேன். அவள் பழைய பள்ளிப் பாவாடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இன்னும் சின்னதாக ஒரு பாவாடை தைத்து, நூல் கொடியில் காயப்போட்டேன். பற்பசை மூடியில் வாளி. ஜன்னலோரமாக அவள் கட்டில், அதில் காது குடைகிற பஞ்சில் தலையணை. ஒரு குட்டிச் சுவர்ப்பல்லிகூட உண்டு. நிஜப் பல்லியைக் கண்டால் அலறுவாள், ஆனால் அது இல்லாமல் எங்கள் வீடு எங்கள் வீடாக இருக்காது.

கூரையிடம் வந்து நின்றுவிட்டேன். நிஜ வீட்டுக்குத் தகரக் கூரை. அது ஒழுகும். மேலே நீலத் தார்ப்பாய் விரித்து, காற்றில் பறக்காமல் கல் அடுக்கி வைத்திருக்கிறோம், அப்படியும் ஒழுகும். ஒரு மழைக்கு ஒழுகிய இடத்தில் அடுத்த மழைக்கு ஒழுகாது, நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கே சொட்டும் என்று மோப்பம் பிடித்துப் பாத்திரம் வைப்பது என் மகளின் வேலை. வாளியை வையடி என்றால் கேட்க மாட்டாள். எவர்சில்வர் தட்டைத்தான் வைப்பாள். டங், டங் என்று சொட்டு விழுகிற சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருமாம். தட்டு நிறைந்து தரையெல்லாம் தண்ணீராகும், துடைப்பது நான். அதற்காக நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை.

இந்த வீட்டுக்காவது ஒழுகாத, அழகான கூரையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அலமாரியில் ஓர் ஊறுகாய் பாட்டில் நிறைய அவள் சின்ன வயதிலிருந்து கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் இருந்தன. கொட்டினேன். அரிசி அளவு, மொச்சை அளவு, ரோஸ் நிறம், காவி நிறம். ஓடு வேய்கிற மாதிரி கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். ஸ்டெபிலைசர் மேல் வைத்துக் காயவிட்டு, காலையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. அப்படியொரு கூரை எந்த ராஜாவுக்கும் வாய்க்காது.

பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அம்மா. நாங்கள் எல்லோரும் அக்கா என்கிற அர்த்தத்தில் தீதி என்றுதான் கூப்பிடுவோம். அவர் முழங்கால் வைத்தியத்துக்காகச் சென்னைக்கு விமானத்தில் போவதாக இருந்தார். "தீதி, இதை மடியிலயே வெச்சுக்கணும், சாய்க்கக் கூடாது" என்று தமிழும் ஹிந்தியும் கலந்து ஆயிரம் முறை சொல்லி, ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். "அரே, சிந்தா மத் கரோ, மை ஹூ நா" என்று, கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் போன்.

"பெஹன், யே லோக் சோட்தா நஹி. சீப்பி லேகே ஜானா மனா ஹை போல்தா."

ஏர்போர்ட்டில் விட மாட்டேன் என்கிறார்களாம். சிப்பி கொண்டுபோகக் கூடாது. தீவை விட்டுச் சிப்பியோ பவளமோ அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியாமல் என்ன! மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துபோனால், ஏர்போர்ட்டில் மானம் போகக் கூடாது என்று அவர்கள் பையை நானே குடைந்து சிப்பியைப் பொறுக்கி வெளியே போடுகிறவள். அப்பேர்ப்பட்ட நான் ஒரு பாட்டில் சிப்பியை எடுத்து, வரிசையாக ஒட்டி, பாலிஷும் போட்டு அனுப்பியிருக்கிறேன். என் கண்ணுக்கு அது சிப்பியாகவே தெரியவில்லை. கூரையாகத்தான் தெரிந்தது.

"பூரா கர் சோடேகா, யா சிர்ஃப் சத் நிகாலேகா? ஜல்தி போலோ பெஹன், லைன் ஹை."

வீட்டையே விட்டுவிட்டு வரவா, கூரையை மட்டும் பெயர்க்கவா, சீக்கிரம் சொல், பின்னால் வரிசை நிற்கிறது என்கிறார். சோதனை செய்கிறவர் குரலும் கேட்டது. பாவம், அவர் ஒன்றும் அதட்டவில்லை, "மேடம், ரூல் ஹை" என்று தன்மையாகத்தான் சொன்னார். அதட்டியிருந்தாலாவது நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நிகால் தோ, தீதி" என்றேன். எடுத்துவிடுங்கள்.

கடக் என்று ஒரு சத்தம். அந்த மழையிலும் பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது, கூரை லேசில் வரவில்லை. மறுபடியும் கடக். தீதி, "ஹோ கயா", முடிந்தது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மகளுக்கு என்று செய்த ஒன்றே ஒன்று. அதற்கும் தலை இல்லாமல் போயிற்று.

மறுநாள் தீதி பெட்டியை ஹாஸ்டல் வாசலில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "லட்கி பஹுத் துப்லி ஹோ கயி" என்றும் சொன்னார். ரொம்ப இளைத்துவிட்டாளாம். அதை ஏன் சொல்ல வேண்டும்! என் மகள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒருவேளை அந்த மொட்டை வீட்டைப் பார்த்து இன்னும் உடைந்துபோய்விட்டாளோ, நானே எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றிவிட்டேனோ என்று தவித்தேன். அடுத்த கப்பல் எப்போது என்றுகூட விசாரித்து வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. விளக்கு போட்ட நேரத்தில் முதலில் ஒரு போட்டோ வந்தது. ஹாஸ்டல் ஜன்னலில் என் வீடு. அதன்மேல் ஏதோ நீலப் பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்து, நான்கு மூலையிலும் பொடிக் கல் வைத்திருந்தாள். பின்னாலேயே போன் அடித்தது.

"தார்ப்பாய் போட்டுட்டேம்மா. மழை வரும்ல."

அவளே கேட்டாள்.

"மேல என்னம்மா இருந்துச்சு? பசை ஒட்டியிருக்கு."

"உன் சிப்பிடி. ஏர்போர்ட்ல எடுத்துட்டாங்க."

சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு! "நீயாம்மா? மாமா பையெல்லாம் நோண்டி எடுப்பியே, நீயா குடுத்து விட்ட?"

"ஆமாடி, உங்கம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சு. போதுமா?"

சிரிப்பு அடங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு சிப்பியைக்கூட ஊரைவிட்டு வெளிய விட மாட்டேங்கறாங்க. என்னை மட்டும் ஏம்மா விட்டீங்க?"

அதற்குப் படிப்பு, வேலை, எதிர்காலம் என்று ஒரு நூறு பதில் இருக்கிறது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அங்க மழையாம்மா?"

"ஆமா."

"ஒழுகுதா?"

"இல்லடி. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ ஒண்ணும் கவலப்படாத."

"பொய் சொல்லாத. சத்தம் கேக்குது."

ஹாலின் நடுவில் டங், டங் என்று சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகு வாளி வைக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் தட்டுதான் வைக்கிறேன்.

"வாளி வைக்கலையா நீ?"

"வாளியில தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன்" என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ.

அந்தப் பக்கம் ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ம்மா, போனை அந்தத் தட்டுகிட்ட வையேன். கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும்."

ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில், தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். சொட்டு தெறித்துப் போன் நனைந்தது, தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்தேன். அவள் போனோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்தாள் போல. பிள்ளைகள் கலகலவென்று பேசுகிற சத்தம், பெஞ்சு இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு போனுக்கு மிக அருகில், அவளுடைய தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, திரும்பவும் கேட்டது.

சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். என் பக்கம் தட்டு நிரம்பி, தண்ணீர் வழிந்து என் காலடிக்கு வந்தது. தட்டை எடுத்துக் கொட்டினால் சத்தம் நின்றுபோகும். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.