செட்டிங்கில் விட்டுப்போன ‘ங்க’

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் நானும் என் கல்லூரித் தோழியும் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் இரண்டு நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர், கீழேயிருந்து நாள் முழுக்கக் கேட்கும் பல் ராவுகிற சத்தம், அவ்வளவுதான். இன்று அவள் வெளிநாட்டில். நான் பெங்களூரில், பெரிய ஆபீசில். ஏசி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, மனசாரச் சண்டை போடத்தான் ஆளில்லை. அந்த மாடியை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

எதற்கெடுத்தாலும் சண்டைதான் அங்கே. நான் திருச்செங்கோட்டுக்காரி, அவள் ஆத்தூர்ப் பக்கம். “உங்க ஊர்ல கன்னுக்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவீங்களாடி?” என்பாள். “ஆமாங்க, அதுக்கென்னங்க இப்ப?” என்று வேண்டுமென்றே இழுப்பேன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாமக்கல் பக்கம் முட்டை லாரிகள் வைத்திருந்த ஓர் அம்மாவுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். எந்த லாரி எப்போது லோடு ஏற்ற வேண்டும் என்று டிரைவர்களின் போனுக்கு அந்த அம்மா பெயரில் மெசேஜ் போகும். முதலில் அந்த வாசகங்களைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருந்தேன். ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் முழுவதையும் கிளற வேண்டும். சீ, என்ன பிழைப்பு இது என்று வெறுத்திருந்தபோது தோழி ஒரு லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த உதவிப் புரோகிராமை, தேடிப் பிடித்தாள். மாறக்கூடிய செட்டிங்குகளையெல்லாம் தனி ஃபைலில் எழுதிவிட்டால் போதும், லைப்ரரி அதைப் படித்துப் புரோகிராமிடம் கொடுத்துவிடும். ஃபைல் கிடைக்காவிட்டால், ‘டீஃபால்ட்’ என்று உள்ளே நாம் வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளும். அது ஓடிய அன்று என்னவோ நிலாவுக்கு ராக்கெட் விட்டதுபோல இருவரும் குதித்தோம்.

ஃபைலில் ‘வண்டியை எடுங்க’, ‘லோடு ஏத்துங்க’ என்று நான் எழுதினேன். டீஃபால்ட்டை அவள் எழுதினாள். சும்மா சோதித்துப் பார்க்கத்தானே என்று ‘எடு’, ‘ஏத்து’ என்று போட்டிருந்தாள்.

பிறகு அந்த அம்மா புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். மாட்டிக் கொடுக்க வந்த ஆள் புரோகிராமை மட்டும் ஏற்றிவிட்டு ஃபைலை விட்டுவிட்டார். ஃபைல் இல்லை என்று லைப்ரரி வாயே திறக்கவில்லை. டீஃபால்ட்டை எடுத்து அனுப்பிவிட்டது.

மறுநாள் போன் வந்தது. “ஏனுங்க, என்னத்தப் பண்ணி வெச்சிருக்கீங்க? எம்பேருல அவருக்கு ‘வண்டியை எடு’ன்னு போயிருக்குதுங்க. சாவிய மேசை மேல வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டாரு. போனே எடுக்க மாட்டேங்கறாரு!”

அவர் என்றால், அந்த அம்மாவின் மாமனார் காலத்திலிருந்து லாரி ஓட்டும் பெரியவர். அம்மாவின் கணவர் இறந்தபோது லாரிகளை விற்றுவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். ‘நான் ஓட்டறனுங்க, நீங்க நடத்துங்க’ என்று பக்கத்தில் நின்றது அவர் ஒருவர்தான்.

“லோடு போனாப் போவுதுங்க. நான் அப்படிச் சொல்லுவேன்னு அவரு நம்பிட்டாரேங்க” என்றபோது அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவர் வீட்டுச் சந்தின் முனையில் அந்த அம்மா, தனியாக உள்ளே போகத் தைரியமில்லாமல், காரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்தே போனோம். பெரியவர் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, முகம் கொடுக்காமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அந்த ஃபைல் இல்லாமப் போயிடுச்சுங்க” என்று தோழி ஆரம்பித்தாள். “நாம ஒண்ணும் எழுதி வைக்கலைன்னா, கம்ப்யூட்டர் அதுவா இப்படித்தான் பேசும்.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. “எங்கப்பன் இவிய மாமனாரு தோட்டத்துலதான் பண்ணையாளா இருந்தாரு, சாமி. வா, போ, எடு. அப்பவும் அதுவாத்தான் பேசுனாங்க. ஸ்டீரிங்கப் புடிச்சப்புறந்தான் எனக்கு ஒரு ‘ங்க’ கெடச்சுது.”

தோழிக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும்தான். என் அப்பாவுக்கும் தோட்டம் இருந்தது. அங்கே யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “எங்க மாமனாரு அப்படித்தான் பேசுவாருங்க. இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா நான் பேச மாட்டனுங்க. நீங்க வந்தா வண்டி ஓடட்டும், வராட்டி அங்கயே நிக்கட்டும். அந்தச் சாவிய வேற ஒருத்தரு கையில குடுக்க மாட்டேன்” என்றவர், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரமாட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“லோடு எத்தனை மணிக்குங்க?” என்றார்.

அப்பாடா! தோழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பெரியவர் எழுந்து, வீட்டுக்குள் பார்த்து மனைவிக்கு ஓர் அதட்டல் போட்டார்: “ஏ, அந்தக் காக்கிச் சட்டைய எடு!”

அத்தனையும் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்த அந்த மனுஷியிடமிருந்து பதில் வந்தது. “ஆணியிலதான் தொங்குது. எடு.”

முதலில் சிரித்தது அழுதுகொண்டிருந்த அந்த அம்மாதான். பிறகு நாங்களும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எடுக்கறனுங்க” என்று உள்ளே போனார்.