நிமிடத்துக்கு அறுபது சொல்

போன வெள்ளிக்கிழமை என்னை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? வீட்டுக்குத் திரும்பும் நோபிள் பார்க் ரயிலில் அழுதுகொண்டு வந்தேன்.

மெல்பேர்னில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகம். எங்கள் அறையில் கடிதங்கள் தட்டச்சு செய்ய ஐந்து ரைப்பிஸ்டுகள். நான்தான் புதியவள். நிமிடத்துக்கு நாற்பது சொல் போதாது, வேகம் கூடினால்தான் நிரந்தரம் என்றார் மேற்பார்வையாளர் மிஸிஸ் டாலி. விடுவேனா? ஒரு ரைப்ரைட்டரை இரவல் வாங்கிக் குசினி மேசையில் வைத்துப் பழகினேன். சோறு அடிப்பிடித்தது. கணவர் அதையும் சாப்பிட்டார்.

இரண்டு மாதத்தில் அறுபது!

முதலில் கைதட்டியவள் பக்கத்துக் கதிரையில் இருக்கும் இரீனி, கிரேக்கப் பெண். அவள் மெதுவாகத்தான் அடிப்பாள். ஆனால் பெயரோ திகதியோ பிழையாகத் தெரிந்தால் எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வருவாள். நான் கண்டதை அப்படியே அடித்துத் தள்ளினேன். மூன்று மணிக்கே என் வேலை முடிந்துவிடும். இரீனியின் கடிதங்களிலும் கொஞ்சம் எடுத்து அடித்துக் கொடுப்பேன் – உதவி என்று நினைத்துத்தான்.

இதை மனேஜர் கவனித்திருக்கிறார். நாலு பேர் போதும் என்று முடிவெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை எனக்கு நிரந்தரக் கடிதம்... இரீனிக்கு வேலை இல்லை என்ற கடிதம்.

வாசலில் அவளை மறித்து, "என்னால்தானே?" என்று கேட்டேன்.

"வேகமாக அடிக்கச் சொன்னது அவர்கள்," என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு, "ஆனால் என் கடிதங்களில் நீ கைவைத்திருக்கக் கூடாது," என்றாள்.



திங்கட்கிழமை மனேஜர் கூப்பிட்டார் என்று அவர் அறைக்குப் போனேன். போன கிழமை நான் பறந்து பறந்து அடித்த கடிதங்கள் கையெழுத்துக்காக அப்படியே கிடந்தன. ஐந்து கடிதங்களைப் பெயர் பிழை, திகதி பிழை என்று திருப்பித் தந்தார். இரீனி அடித்திருந்தால் அந்தப் பிழைகளைப் பிடித்திருப்பாள். அப்படியென்றால் என் வேகத்தால் அலுவலகத்தில் வேலை கூடியதா, குறைந்ததா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஸ்பீட் கூடினது நல்லதுதானேயப்பா?" என்றார் கணவர்.

"ஓம்... இல்லை... எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."



நேற்று மிஸிஸ் டாலி வந்து, எழுபதுக்கு வர முடியுமா என்று கேட்டார். யோசிக்க முதலே "ஓ, முயற்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

விரலைவிட வாய்க்குத்தான் வேகம் கூடிவிட்டது போலிருக்கிறது!