வாசலில் முளைத்த புல்

எங்கள் வீட்டு மாடி அறையில் தெருவைப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் கம்பியில் துணி காயப்போட்டிருக்கிறேன், அங்கிருந்தே பால்காரரைத் திட்டியிருக்கிறேன், வடகத்தைத் தூக்க வரும் குரங்கை விரட்டியிருக்கிறேன். சும்மா நின்று வேடிக்கை பார்த்ததில்லை. அதற்கு ஏது நேரம்? பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் பொறுப்பு எனக்கு. விடிந்தால் அரிசி, பருப்பு, முட்டை, பிள்ளைகளின் கூச்சல். அவருக்கு டவுன் பஸ் ஓட்டும் வேலை. செவிலிமேடு, வாலாஜாபாத் என்று நாளெல்லாம் சுற்றிவிட்டு வந்து விழுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டது குறைவுதான்.

ஊரடங்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவர் முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு பேரும் அந்தச் சன்னலுக்கே குடிபோனோம் என்று சொல்ல வேண்டும். காலையில் இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர் டீ. பட்டுக்கடைக்கு வாங்க என்று வெளியூர்க் கார்களை மறிக்கும் ஆட்கள் இல்லை. சுற்றுலா பஸ்களின் ஹாரன் இல்லை. நூல் வராததால் தறிகளும் நின்றுவிட்டன. கோயில் கோபுரத்துப் பொந்துகளிலிருந்து கிளிகள் கிளம்பும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பிரசாதம் கிடைக்காத குரங்குகள் வரிசையாக வந்து தெருக்குழாயைத் திருகிப் பார்க்கும். வைகாசித் திருவிழாவுக்குச் சாமி தெருவுக்கு வரவில்லை. சாமி வரவேண்டிய அன்றைக்கும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு சன்னலில் வந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா இந்த ஊரை பஸ் கண்ணாடி வழியாத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்று ஒருநாள் சொன்னார். "எப்பவும் ஓடிக்கினே இருக்கும். இப்பத்தான் நின்னு மொகத்தைக் காட்டுது."

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று அதட்டினேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போது நாங்கள் கிளி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சன்னலில் நான் பார்க்காத ஒன்று உண்டு என்றால் அது எதிர் வீடு. தறி நெய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பெண் என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒரு காலத்தில் அக்கா, அக்கா என்று என் அடுப்படி வரைக்கும் வருவாள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அது முடிந்துபோனது.

எங்கள் தெருவில் பாவு போடுகிற வழக்கம் உண்டு. சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டிழைகளை எல்லாம், வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் கைகொடுத்துச் சுருட்டுவார்கள். பாவு தெருவில் இருக்கும்போது யாரும் வண்டி எடுப்பதில்லை. எங்கள் தெரு நாய்கூட ஓரமாகத்தான் போகும். அன்றைக்குத் தெருவில் இருந்தது எதிர் வீட்டுப் பாவு. அவருக்கு முதல் ட்ரிப், நேரமாகிவிட்டது. ஓரமாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மொபெட்டை எடுத்தார். ஹேண்டில்பாரில் மாட்டி, பாவு பாதிக்குமேல் அறுந்தது.

அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். வாயைத் திறக்கக்கூட நான் விடவில்லை. தெரு என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று வாசலில் இறங்கி நின்று கேட்டேன். எனக்கு வாய் நீளம். சத்துணவுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை அடக்கிய வாய். அறுந்த பட்டிழைகளை இரண்டு கையிலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் வாசல்ல புல்லு மொளைக்க" என்றாள்.

நடமாட ஆளில்லாமல் போன வீட்டு வாசலில்தான் புல் முளைக்கும். அதைப் பிள்ளை இல்லாத வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். சுருக்கென்று தைத்தது. அன்றோடு பேச்சு நின்றது. குழாயடியில் அவள் இருந்தால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். நான் இருந்தால் அவள் திரும்பிவிடுவாள்.

ஆனி மாசக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எங்கே ஒட்டிக்கொண்டதோ தெரியாது. கறிவேப்பிலை இல்லாமல் எப்படி ரசம் வைப்பது என்று அவரைக் கடைக்கு அனுப்பியவள் நான். ரசத்தை நினைத்தாலே இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. கூடவே போகிறேன் என்றதற்கு விடவில்லை. ஏறுவதற்கு முன்னால் அண்ணாந்து சன்னலைப் பார்த்தார். உள்ளே போ என்று கையைக் காட்டினார்.

எனக்கும் தொற்று இருந்தது. வாசனை தெரியாமல் போனதோடு சரி. ஆனாலும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வாசற்கதவுக்குக் குறுக்கே மூங்கில் கட்டித் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். தொண்டு செய்கிற ஒரு பெண் பாலும் காயும் கொண்டுவந்து, சன்னலிலிருந்து நான் இறக்கும் கயிற்றுப் பையில் போட்டுவிட்டுப் போவாள். அதே சன்னல், அதே கிளிகள். பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் போனில் முதலில் கேட்பது அதைத்தான். ஆக்சிஜன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, கிளி வந்ததா, எத்தனை வந்தது என்று கேட்பார். பார்க்காமலே நானும் ஒரு எண்ணிக்கை சொல்வேன்.

தகரம் அடித்த நாலாம் நாள் வாலாஜாபாத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். எடுத்ததுமே ஒப்பாரி. எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு முதலில் சொல்லிவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமில்லை. எங்கள் தெரு வழியாகப் போன யாரோ தெரிந்தவர், எல்லா வாசலிலும் கோலம் இருக்க எங்கள் வாசல் மட்டும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கம் கோலம் இல்லாத வாசல் என்றால் அந்த வீட்டில் சாவு. தகரத்தை அவர் பார்த்தாரோ இல்லையோ, வாசலைப் பார்த்து முடிவு கட்டிவிட்டார்.

"உங்க அண்ணன் உசுரோடதான் இருக்காரு" என்று சன்னலில் நின்று கத்தினேன். "வாசல்ல தகரம் அடிச்சி வெச்சிருக்குது. நான் இன்னா பறந்து போயா கோலம் போடுறது?"

தறிச் சத்தம் இல்லாத தெருவில் குரல் எங்கே ஒளியும்? எதிர் வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் அவள். அந்தக் கை அப்படியே நின்றது. நான் போனை அணைத்துவிட்டுக் கீழே பார்த்தேன்.

பெருக்காமல், தண்ணீர் தெளிக்காமல் கிடந்த என் வாசலில், இரண்டு மழைக்குப் பிறகு, சிமெண்ட் வெடிப்பு நெடுக விரல் நீளத்துக்குப் புல் முளைத்திருந்தது.

எனக்குச் சாமி பயம்கூட அவ்வளவாகக் கிடையாது. அந்தப் புல்லுக்குப் பயந்தேன். நம்பினால் நம்புங்கள், துணி எடுக்கிற கொம்பைச் சன்னல் கம்பிக்குள் விட்டுக் கீழே எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டுமா? கொம்பை மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புல் போய்விட்டால் அவர் வந்துவிடுவார் என்று மனசு அடித்துக்கொண்டது. பைத்தியக்காரத்தனம்தான். வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது துடைப்பச் சத்தம் கேட்டது. மிக அருகில் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு என் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, புல்லை ஒவ்வொன்றாக, வேர் அறாமல், குச்சியால் நெம்பிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தகரம் அடித்த வீட்டுப் பக்கம் போகிறாயே, உனக்குக் கிறுக்கா என்று அவள் வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் திட்டியது. அவள் திரும்பவே இல்லை. பிடுங்கியதை எல்லாம் ஒரு காகிதத்தில் அள்ளித் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். கை கழுவினாள். தண்ணீர் தெளித்தாள். ஏழு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டாள். ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் கேட்டது இவளை என்று பல்லைக் கடித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த வார்த்தையை நான் மட்டும் பதினோரு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கவில்லை. அவளும் சுமந்திருக்கிறாள். சொன்னவள் அவள் என்பதால் அவளுக்குக் கனம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். துடைப்பச் சத்தம் கேட்டதும் நான் சன்னலுக்கு வந்துவிடுவேன். திரைக்குப் பின்னால் திருடி மாதிரி நிற்பேன். ஒரு துளிர் தலைநீட்டினாலும் விடமாட்டாள். எனக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. எவ்வளவு நீளமாக இருந்து என்ன?

அவரிடம் போனில் சொன்னேன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"நீயே பேசிடு" என்றார். "பாவுல வண்டி உட்டது நானு. தப்பு என்னுது. அதைச் சொல்லிடு."

நீங்களே வந்து சொல்லுங்கள், உங்கள் தப்புக்கு நான் ஏன் தூது போகவேண்டும் என்றேன். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவள் கோலம் போட ஆரம்பித்த ஏழாம் நாள், விடிகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், நிதானமாக, அம்மா என்று கூப்பிட்டுச் சொன்னது. வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் அவர்களே செய்துவிடுவார்களாம். ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். முடியாதும்மா என்றது. சொல்லும்போது அந்தக் குரலும் கம்மியது. போனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அப்போது துடைப்பச் சத்தம் கேட்டது.

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். அவள் வீட்டு வாசலில் கோலம் போட்டாகிவிட்டது. என் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து முடித்து, கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக் குனிந்தாள்.

"தங்கச்சி" என்று கூப்பிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குக் கோலம் வேணாம்மா."

விரல்களுக்கு நடுவில் இருந்த மாவு கொட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

இவள் இதைச் சாகும்வரை சுமப்பாள் என்று எனக்குப் புரிந்தது. அதை மட்டும் நான் விடக்கூடாது.

"நோவு வந்துச்சி, பூட்டாரு" என்றேன். "உன் வாய்க்கு அவ்ளோ சக்தி இருந்தா பதினோரு வருஷமா ஆவும்? பாவுல வண்டி உட்டது அவரு தப்புதானாம். உன்னாண்ட சொல்லச் சொன்னாரு."

அதட்டலாகத்தான் ஆரம்பித்தேன். அவர் சொன்னதைச் சொல்லும்போதுதான் அழுதேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மேலே அழ, அவள் என் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு எழுந்தாள். தெருவைக் கடந்து தன் வாசலுக்குப் போய், கொஞ்சம் முன்னால் போட்டிருந்த கோலத்தின்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். பக்கத்து வீட்டில் பார்த்தார்கள். அங்கேயும் கழுவினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வெயில் வருவதற்குள் எங்கள் தெருவில் ஒரு வாசலிலும் கோலம் இல்லை. அவர் உடம்பு இந்தத் தெருவுக்கு வரவே இல்லை. வந்திருந்தால் என்ன மரியாதை செய்திருப்பார்களோ அதைச் செய்துவிட்டார்கள்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு நடுவில் தகரம் இருந்தது. அவள் தன் வீட்டு வாசற்படியில், என் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் சன்னலில் உட்கார்ந்தேன், அவருடைய நாற்காலி பக்கத்தில் இருந்தது. மத்தியானம் வந்து கயிற்றை ஆட்டினாள், பையில் ஒரு தூக்குக் கஞ்சி இருந்தது. நான் குடிக்கும்வரை கீழேயே நின்றுவிட்டு, மறுபடியும் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் கிளிகள் கோபுரத்துக்குத் திரும்பின. அன்றைக்கு எண்ணினேன். பதினாறு.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.