சனிக்கிழமை அவர்கள் முறை

கூட்டுக் குடும்பமே வேண்டாம் என்றுதான் நான் ஹைதராபாத்துக்கு மாற்றல் கேட்டு வந்தேன். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் ஒருவன் தும்மினால் பத்துப் பேர் காரணம் கேட்பார்கள். இங்கே பாலாநகர் தொழிற்சாலையில் வேலை, திருமுல்கேரியில் வாடகை வீடு, நானும் மனைவியும் மட்டும். அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதியில் என் மனைவியே மண்ணை அள்ளிப் போட்டாள். அவள் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினாள். பஸ் பிடித்து வந்து சேர இருட்டிவிடும், அதற்குமேல் அடுப்படி. எங்கள் மாடியில் இருந்த மற்ற இரண்டு வீட்டிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் கோயம்புத்தூர்க்கார இளம் தம்பதி. அவருக்கு மென்பொருள் வேலை, அவர் மனைவிக்கு ஒரு ஆஸ்பத்திரி லேபில் சின்னச் சம்பளம். இன்னொரு வீட்டில் டீச்சரம்மா தனியாக இருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் உருது தாராளமாகக் கலந்திருக்கும்.

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது மூன்று பெண்களும் பேசி முடித்துவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முறை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு வீடு, மூன்று வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்கும். எல்லோரும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஞாயிறு அவரவர் பாடு. யாரும் யாரிடமும் செலவு கேட்கக் கூடாது.

“ஊரை விட்டு ஓடி வந்தும் பந்தியா?” என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சாப்பாட்டைக் கண்டதும் வாய் அடங்கிவிட்டது. மளிகையும் மூன்று வீட்டுக்கும் ஒன்றாக வாங்கினோம். பக்கத்தில் ஏசி போட்ட பெரிய கடை வந்த பிறகும் தெருமுனைக் கடையை நாங்கள் விடவில்லை. கடைக்காரர் எங்களுக்காகவே இட்லி அரிசி வரவழைத்தார். பின்னாளில் உள்ளூர்ப் பொருளாதாரம், சமூக வாழ்க்கை என்று திரையில் படம் காட்டிப் பேசும் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். என் மனைவி விலாவில் இடித்துச் சிரிப்பாள். அவர்கள் கொள்கையாகச் சொன்னதை நாங்கள் சோம்பலுக்குச் செய்திருக்கிறோம்.

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது கோயம்புத்தூர்த் தம்பிக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாள் முறைக்கு வந்தார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்றபடியே சொன்னார்.

“கொஞ்ச நாளைக்கு நாங்க தனியாவே பாத்துக்கறமுங்கண்ணா.”

என் மனைவி விடவில்லை. தூக்குச் சட்டியில் சாம்பார் கொடுத்தனுப்பினாள். சட்டி மறுநாள் கழுவி, உள்ளே ஒரு பிடி சர்க்கரையோடு திரும்பி வந்தது. வெறும் சட்டியைத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லையே. இரண்டாம் தடவை கதவே திறக்கவில்லை. ஊருக்கே போய்விடப் போகிறார்கள், வீட்டுக்காரரிடமும் பேசியாயிற்று என்று காதில் விழுந்தது.

“கைக்கு அனுப்புனே? ஏன்?” என்று டீச்சரம்மா தன் உருதுத் தமிழில் என் மனைவியைக் கடிந்துகொண்டார். “பாவம் பாக்கறோம்னு தெரிஞ்சுபோச்சுல்ல. இனிமே முகத்தையே காட்டமாட்டாங்க.”

எனக்கு அவர்கள் மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கஷ்டம் வந்ததும் நாங்கள் அந்நியர்களாகிவிட்டோமா? மறுவாரம் சனிக்கிழமை வந்தது. என் மனைவி எங்கள் அடுப்பில் உலை வைக்கப் போனாள்.

“வைக்காத. இன்னைக்கு அவங்க முறை” என்றேன்.

“அவங்க இருக்க நெலமையில போயி சோறு கேப்பீங்களா? மனுஷனா நீங்க?”

கேட்கத்தான் போனேன். டீச்சரம்மாவையும் தட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். கதவைத் தட்டிய தட்டில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி திறந்தார், தாடி வளர்ந்திருந்தது.

“என்ன தம்பி, இன்னைக்கு உங்க முறைலா? எனக்குப் பசிக்கி.”

அவர் முகம் சிவந்தது. “ஒண்ணுமே செய்யலீங்கண்ணா. அரிசிம்பருப்பு சாதம் மட்டுந்தானுங்க வச்சிருக்கறோம், அதும் எங்க ரெண்டு பேருக்குத்தானுங்க.”

“இருக்கிறதைப் போடுங்க. பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் அரிசி வைங்க. நான் உக்காந்திருக்கேன்.”

உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தாள். தம்பியின் மனைவி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு வேகமாக எழுந்து குக்கரைக் கழுவி இன்னொரு ஈடு வைத்தாள். விசில் வந்ததும் தம்பி பரிமாறினார். அரிசியும் பருப்பும் தாளிப்பும்தான், தொட்டுக்கொள்ள ஊறுகாய் கூட இல்லை. நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். டீச்சரம்மா அடிப்பிடித்ததையும் சுரண்டிப் போடச் சொன்னார். பரிமாறிப் பரிமாறித் தம்பிக்கு வேர்த்துவிட்டது.

கை கழுவியதும் பேசாமல் கிளம்பினேன். அதிகம் பேசினால் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தது. தம்பி வாசல்வரை வந்தார், கரண்டி இன்னும் கையில் இருந்தது.

“வேலை போனதிலிருந்து எல்லாரும் உனக்கு என்ன வேணும், என்ன வேணும்னுதான் கேட்டாங்க” என்றார். “எனக்குச் சோறு போடுன்னு நீங்கதானுங்கண்ணா கேட்டீங்க.”