பெரியப்பா என்று கையெழுத்துப் போட்டவர்

என் அக்காவின் வீட்டுக்காரரைப் பணிமனையில் எல்லோரும் 'சீட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள் அவர் சீட்டுப் பிடிக்கிறவர் என்றோ, சீட்டாடுகிறவர் என்றோ நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லை. அவர் பேருந்து இருக்கைகளைத் தைப்பவர். ஜனங்கள் பிளேடால் கீறி, சிகரெட்டால் சுட்டு, காதலியின் பெயரைப் பேனாவால் குத்திக் குத்தி எழுதி நாசமாக்கிய சீட்டுகளைக் கழற்றி, பழைய ரெக்சினை உரித்து, ஸ்பாஞ்சை வெட்டி வைத்து, வளைந்த ஊசியால் தைத்து மறுபடி மாட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. நானும் அங்கேதான் ஓட்டுநர். எந்தக் கிழிசலைக் காட்டினாலும் உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம் விடு" என்பார். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பத்து வார்த்தையில் எட்டு இதுவாகத்தான் இருக்கும்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள் என்பதால் நானும் எடுக்கப்போவதில்லை. குழந்தைகள் நல அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து வைத்திருந்தார்கள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் மத்தியானம் அங்கிருந்து ஒரு பெண்மணி, ஒரு கையில் ஃபைலும் இன்னொரு கையில் குழந்தையுமாக வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஃபைல் மேடம். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பெற்றவளுக்குப் புத்தி பேதலித்து மருத்துவமனையில் இருந்தாள். பேரைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாத நிலை. தகப்பன் என்று யாரும் வரவில்லை.

நீட்டிய தாளில் 'தற்காலிகப் பராமரிப்பு' என்று இருந்தது. அக்கா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு பேனாவைத் தொடாமல் நின்றாள்.

"டிப்போவுல தற்காலிகம்னு போட்ட தகரக் கூரை பன்னெண்டு வருஷமா நிக்குது. கையெழுத்துப் போடு," என்றார் அத்தான்.

தாளில் குழந்தைக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் வைத்த பெயர் கடுகு. ஆள் அவ்வளவு சிறிசு, குரல் அவ்வளவு காரம். வந்த மூன்றாம் வாரமே என்னை 'மாமா' என்றாள். அக்காவை 'அம்மா' என்று கூப்பிட இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அதைச் சொல்லிக்காட்டி நான் அக்காவை எத்தனையோ நாள் வெறுப்பேற்றியிருக்கிறேன். பிறந்த தேதி தெரியாததால் அவள் வீட்டுக்கு வந்த நாளையே பிறந்தநாளாக வைத்துக்கொண்டோம். மூன்று தடவை கொண்டாடினோம். மூன்று தடவையும் பலூன் ஊதியது நான்தான், எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

பெற்றவள் குணமானாள். இதை நான் எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் கேட்கும். நல்ல சேதிதானே? இரண்டு வருஷம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ஒரு சலவை நிலையத்தில் விரிப்புகளை மடிக்கிற வேலைக்குப் போய், ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அலுவலகத்தில் வந்து பார்த்தாள். கடுகு அவளைப் 'பொம்மை ஆன்ட்டி' என்றாள், ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்மை கொண்டுவருவதால். எனக்கு வந்த கோபத்துக்குப் பஸ்ஸை அந்த அலுவலகத்துக்குள்ளேயே விட்டிருப்பேன். ஆனால் யார் மேல் ஏற்றுவது? முதல் சனிக்கிழமையே அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாளாம். கெட்டவளாக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

தீர்ப்பு பெற்றவள் பக்கம் வந்தது. ஃபைல் மேடம் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து விவரம் சொன்னார். பெற்றவளுக்கு நினைவு திரும்பிய பிறகு குழந்தையின் உண்மையான பிறந்த தேதி கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறது, ஐந்து வயது முடிகிறது. அன்றைக்கே அழைத்துப் போக அவள் ஆசைப்படுகிறாள்.

"கேக் வெட்டி சந்தோஷமா அனுப்பி வைங்க. அழாதீங்க, குழந்தை பயந்துரும். அவ ஞாபகங்களையெல்லாம் ஆல்பமா போட்டு, ஆளுக்கொரு கடிதம் எழுதி வைங்க. படிக்கத் தெரிஞ்சதும் படிச்சுக்குவா. கடிதத்த நான் ஒரு தடவ பார்ப்பேன். ஒண்ணே ஒண்ணு. உங்கள அம்மா, அப்பான்னு எழுதக்கூடாது. மாமா, அத்தைன்னு எழுதுங்க. கூப்பிடறதுக்கும் இப்பவே பழக்கிடுங்க."

"மாமா நான்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஆறவே இல்லை. பஸ்ஸில் கூடையோடு ஏறுகிறவளை 'ஏறும்மா' என்கிறேன். சில்லறை தராமல் சண்டை போடுகிறவளை 'அந்த அம்மா' என்கிறேன். கடுகையே கூட 'வாடாம்மா' என்றுதான் தூக்குகிறோம். ஊரில் இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற வார்த்தை அது. என் அக்காவுக்கு மட்டும் அனுமதி இல்லை.

அத்தான் தொண்டையைச் செருமினார். "பெரியப்பா, பெரியம்மான்னு சொன்னா பரவாயில்லையா மேடம்?"

ஃபைல் மேடம் கொஞ்சம் யோசித்தார். "உறவுப் பேருதானே. சரி."

அவர் போனதும் நான் கேட்டேன், "எதுக்கு அத்தான் அது?"

"அதுக்குள்ள இருக்குல்ல."

"என்னது?"

"அப்பா." கையால் காற்றில் தைப்பதுபோல் ஏதோ காட்டினார். "பழைய ஸ்பாஞ்ச அப்படியே உள்ள வெச்சு, மேல புது ரெக்சின் போட்டாப்ல. 'பெரிய'வ உரிச்சா உள்ள அப்பா அப்படியே இருக்கும். அவளுக்குத் தெரியாட்டியும் கூப்பிடறப்போ கூப்பிட்டுக்கிட்டுத்தான இருப்பா."

அக்கா அன்று முதல் தடவையாக அழுதாள். நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு அழுதாள்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது பழக்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைச் சந்திப்புகள் முடிந்துவிட்டன, கடுகு பெற்றவளை அடுத்துப் பார்ப்பதே பிறந்தநாளன்றுதான். "இனிமே என்னப் பெரியப்பான்னு கூப்பிடணும்" என்று அத்தான் சொன்னதும் கடுகு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன், நீ பெரிசாயிட்டியா?"

"ஆமா."

"எப்ப?"

அவரைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து, நாற்காலியில் ஏறி, தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டாள். நாளைக்கும் பார்க்க வேண்டும் என்றாள். "பொறந்தநாள் போன தடவ முடிஞ்சிருச்சே, மறுபடியும் எனக்கேவா?" என்றும் கேட்டாள். ஆமாம், இது பெரிய பிறந்தநாள் என்று அக்கா சொல்லி வைத்தாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் எல்லாமே பெரிசாகிக்கொண்டிருந்தது.

அக்கா பதினொரு பக்கம் எழுதினாள். கடிதம் என்று பேர்தானே தவிர, பாதி அவளை எப்படி வைத்துக்கொள்வது என்கிற விவரம். சளி பிடித்தால் எந்தக் காது வலிக்கும், மருந்தை எந்தக் கரண்டியில் கொடுத்தால் குடிப்பாள், இடி இடித்தால் எதற்குள் ஒளிந்துகொள்வாள், அழுவதுபோல் நடிப்பதற்கும் அழுவதற்கும் என்ன வித்தியாசம். நடுநடுவே 'என் தங்கமே' என்று வரும். அந்த இடங்களில் மை கலங்கியிருந்தது.

அத்தானுக்கு ஒரு வரி வரவில்லை. வேலைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் கிழித்தார். ஒருநாள் மதிய இடைவேளையில் என்னிடம் காட்டினார். மேலே 'கடுகுக்கு' என்று இருந்தது. அடியில் 'பெரியப்பா' என்று இருந்தது. நடுவில் வெள்ளை.

"நடுவுல எழுதலையா?"

"வரல."

நான் அழகாக நாலு வரி சொன்னேன். கேட்டுவிட்டு, "இது உன் பேச்சால்ல இருக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழிந்தது எதைக் கொடுத்தாலும் சரிபண்ணத் தெரிந்த மனுஷர் ஒரு தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நான் மட்டும் என்ன செய்துவிட முடியும்? வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் எழுதி முடித்தார். ஃபைல் மேடத்துக்குக் காட்டுவதற்கு முன் எனக்குக் காட்டினார்.

"கடுகுக்கு. உனக்கு மூணு வயசுல ஒருநாள் உன்னை டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போனேன். புதுசா தைச்ச சீட்டுல படுத்துத் தூங்கிட்ட. அந்த வண்டி கிளம்பணும். பசை காயலன்னு போர்மேன்கிட்ட சொன்னேன். அதுல பசையே கிடையாது, அவருக்கும் தெரியும். நீ எழுந்திரிக்கிற வரைக்கும் வண்டி நின்னுச்சு. அந்த சீட்டு இப்பவும் ஓடுது. வலது பக்கம், பின்னாலருந்து மூணாவது. உள்பக்கத் துணியில உன் பேர தைச்சிருக்கேன். யாரு கிழிச்சாலும் நான்தான் தைப்பேன். இப்படிக்கு, பெரியப்பா."

அது நான் ஓட்டுகிற வண்டி. சீட்டில் பேர் எழுதுகிறவனை வாயில் வந்தபடி திட்டுகிற மனுஷர் செய்திருக்கிற வேலையைப் பாருங்கள்.

பிறந்தநாள் வந்தது. பலூன் நான்தான் ஊதினேன். மஞ்சள் கவுன் போட்டு, காலையிலிருந்து கேக் பெட்டியைச் சுற்றியே வந்தாள் கடுகு. பன்னிரண்டு மணிக்கு ஃபைல் மேடத்தோடு பெற்றவள் வந்தாள். குட்டையான, ஒல்லியான பெண். தேய்த்த உடுப்பிலிருந்து சோப்பு வாசனை வந்தது. பொம்மைக்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூடப் பை கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே செருப்பை ஓரமாகத் தள்ளி, இடத்தை அடைத்துக்கொள்ளாமல் நின்றாள்.

அக்கா ஆல்பத்தைக் காட்டினாள். இது கீழே விழுந்து பல் உடைந்த நாள், இது தானே முடி வெட்டிக்கொண்ட நாள். பெற்றவள் ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூன்றரை வருஷத்தை இருபது நிமிஷத்தில் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு. பதினொரு பக்கத்தையும் அங்கேயே படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இடது காதுதானே அக்கா?" என்று கேட்டாள். "இடதுதான்," என்றாள் அக்கா. அதற்கு மேல் என்னால் அவளை வெறுக்க முடியவில்லை. முயற்சி செய்துதான் பார்த்தேன்.

கேக் வெட்டினாள் கடுகு. ஒரு துண்டை எடுத்து, "பெரியம்மா" என்று அக்காவுக்கு ஊட்டினாள். "பெரியப்பா" என்று அத்தானுக்கு. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

"இவங்க யாரு பாப்பா? நான் சொல்லிக்குடுத்தேன்ல, உன்னோட யாரு? சொல்லிட்டு ஊட்டு பார்க்கலாம்," என்றார் ஃபைல் மேடம், பெற்றவளைக் காட்டி.

கடுகு அவளைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா உயரம். மறுபடி அவளைப் பார்த்தாள். கணக்குச் சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் சத்தமாகச் சொன்னாள்:

"சின்னம்மா!"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு இனித்தது. அப்புறம்தான் பெற்றவள் முகத்தைப் பார்த்தேன். அம்மாவின் தங்கையைக் கூப்பிடுகிற பேர், அப்பா கட்டிக்கொண்டு வந்த இரண்டாந்தாரத்தைக் கூப்பிடுகிற பேர். பெற்றவளுக்கு அதைக் கொடுத்துவிட்டாள் குழந்தை. அவள் வாயைத் திறந்தபடியே இருந்தாள், கேக்குக்காகத் திறந்த வாய். பிறகு, "பரவால்லைங்க. குழந்ததானே," என்று சிரிக்கப் பார்த்தாள்.

அத்தான் எழுந்து வந்து கடுகின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கடுகு, நான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன். இவங்க சின்னம்மா இல்ல. அம்மா. பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. வெறும் அம்மா."

"அப்ப இவங்க?" என்று அக்காவைக் காட்டினாள்.

"அத்தை."

"நீ?"

நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொல்லப்போவது தெரிந்திருந்தும் ஒருவராலும் அதைத் தடுக்க முடியவில்லை.

"மாமா."

"மாமா அங்க நிக்குதே!" என்னைக் காட்டினாள்.

"ரெண்டு மாமா."

அக்கா அடுப்படிக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அழக்கூடாது என்பதுதானே சட்டம்.

அத்தான் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, ஃபைல் மேடத்திடம் பேனா கேட்டார்.

"அது அப்படியே இருக்கட்டுமே. நான்தான் சரின்னு சொல்லிட்டேனே," என்றார் அவர். அவர் குரலும் சரியாக இல்லை.

"இல்ல மேடம். நான் பெரியப்பாவா இருந்தா அவங்க சின்னதாயிடறாங்க."

கடைசி வார்த்தையை அடித்தார். அடியில் 'மாமா' என்று எழுதினார். உறையை ஒட்டிப் பள்ளிக்கூடப் பையில் வைத்தார்.

நாலு மணிக்கு வாடகைக் கார் வந்தது. பெற்றவள் அத்தானிடம், "நான் நல்லா பாத்துக்கறேன் அண்ணா," என்றாள். அவர் தலையை ஆட்டினார். 'பாத்துக்கலாம் விடு' என்கிற அவருடைய அந்த ஒரே வசனத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

கார் நகர்ந்ததும் ஜன்னலில் கடுகின் தலை தெரிந்தது. "மாமா, டாட்டா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

மூன்றரை வருஷமாக அது என் பேர். பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். அப்புறம்தான் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று கவனித்தேன்.

கையை இறக்கிக்கொண்டேன். அத்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்.